தங்கப்பழம் வீட்டுப் பீங்கான் வயரிங்

தெருவுக்குக் கரண்டுக் கம்பம் வந்தது ஐம்பத்திமூன்றாம் வருஷம். சங்கரன்கோவிலில் அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. கம்பம் நடுவதற்குத் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. கம்பம் வருமோ வராதோ, தவளை வந்துவிட்டது என்று தெருப் பெண்கள் கேலி பேசினார்கள். பிறகு ஒருநாள் மாட்டுவண்டியில் கம்பமும் வந்தது, பின்னாலேயே கம்பியும் வந்தது. கார்த்திகை முடிவதற்குள் வீட்டுக்குள் வயரிங் முடித்து வைக்கிறவர்களுக்கு இந்தத் தடவையே லைன் கொடுப்பார்கள், மற்றவர்கள் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

தங்கப்பழம் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். ஜின்னிங் மில்லில் பஞ்சுச் சிப்பம் சுமக்கிறவன் அவன். பதினெட்டு வருஷமாகச் சுமந்து சுமந்து இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிப் போயிருந்தது. ஒரே மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவனும் பெண்டாட்டி இசக்கியம்மாளும்தான். முன்னால் திண்ணையாகத் தார்சா, அடுத்து நடுக்கூடமான பட்டாலை, பட்டாலையை ஒட்டிச் சாமான் போட்டு வைக்கிற இருட்டறையான அரங்குவீடு, பின்னால் அடுக்களை. பனங்கட்டையில் உத்திரம் போட்டு மேலே செங்கல் பாவிய மட்டப்பா. பட்டாலைக்கு ஒன்று, அரங்குவீட்டுக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று என்று மூன்று விளக்கு போதும். ஆனால் மூன்றும் உச்சியில் தொங்க வேண்டும். அரிக்கன் விளக்கைத்தான் இத்தனை வருஷமும் சுவரில் மாட்டியாகிவிட்டது, கரண்டு விளக்கையும் அங்கேயே மாட்டுவானேன் என்பது அவன் கட்சி.

வயர்மேன் வெள்ளத்துரை ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்தான். காதில் பென்சில், கழுத்தில் சிலுவை, கையில் துணிப்பை. பட்டாலைத் தரையில் பையைக் கவிழ்த்தான். ஒரு சாண் நீள மரப்பட்டை, வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் துண்டு, கொஞ்சம் இரும்புக் குழாய்.

"நல்லாப் பாத்துக்கிடும் வே. பிறகு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது. இது கேசிங். மரத்துல ரெண்டு காடி ஓடுது பாத்தீரா? வயரு அதுக்குள்ள போயிரும். மேல மூடிய வச்சுத் திருகாணி முடுக்கிட்டா வயரு இருக்கதே தெரியாது. இது பீங்கான். உத்திரத்துல ரெண்டடிக்கு ஒண்ணு அடிச்சு, வயர அதுல கவ்வக் குடுத்து இழுத்துக் கட்டுதது. வயரு வெளிய தெரியும். அந்தா குழாயி, அது..."

"குழாய எடுத்துப் பைக்குள்ள போடும். அது ராசா வீட்டுக்கு உள்ளது."

"போட்டாச்சு. மரமா, பீங்கானா? அதச் சொல்லும்."

தங்கப்பழம் யோசிக்கவே இல்லை. மரப்பட்டையை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். முன்னமே கரண்டு வந்துவிட்ட தெருவில் இருந்த மில் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு ஒரு தடவை பீரோ தூக்கிக்கொண்டு போனபோது இதைப் பார்த்திருக்கிறான். சுவரோடு சுவராக ஏறி, உத்திரத்தின் அடியில் ஓடி, நடு உச்சியில் ஒரு வட்டக் கட்டையில் போய் முடிந்திருந்தது. வார்னிஷ் பளபளத்தது. பீரோவை இறக்கி வைத்துவிட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் கணக்குப்பிள்ளை, "என்ன தங்கப்பழம், பல்லி விழுந்துட்டா?" என்று கேட்டார். பீங்கானையோ அவன் தினமும் பார்க்கிறான். மில் குடோன் பூராவும் அதுதான். வெள்ளைக் குமிழ்களில் பஞ்சுத் தூசி தாடி மாதிரி தொங்கும். அதற்கடியில் சிப்பம் தூக்கிவிட்டு வந்து, வீட்டிலும் அதற்கடியில் சோறு தின்ன அவனுக்கு மனசில்லை.

"மரம்தான். நம்ம வீடு என்ன குடோனா வே?"

"சரி, மரம்," என்று பென்சிலை எடுத்துச் சுவரில் கோடு போட்டுக்கொண்டே போன வெள்ளத்துரை அரங்குவீட்டு வாசலில் நின்றுவிட்டான். "யேசப்பா! வீட்டுக்குள்ளயா வே புத்து?"

மூலையில் இடுப்பளவு உயரத்துக்கு மூன்று கொம்பு வைத்துப் புற்று வளர்ந்திருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு கும்பாவில் பால்.

அடுக்களையிலிருந்து இசக்கியம்மாள் ஓடி வந்தாள். "ஏணிய அதுமேல சாய்ச்சிராதிய அண்ணாச்சி!"

"நான் சாய்க்கல தாயி. கரையானுக்கு விருந்து வைக்கவா என்னைக் கூப்பிட்டிய? பனங்கட்டை வைரம் பாஞ்சது, அதத் தொடாது. நான் அடிக்கப் போறது நாட்டு மரம். ஆறு மாசத்துல மூடி மட்டும் இருக்கும், உள்ள பூரா மண்ணா இருக்கும். வயர்ல சுத்தியிருக்க நூலையும் தின்னுரும். பிறகு கரண்டு எங்கன ஒழுகும்னு சொல்ல முடியாது." அவன் தங்கப்பழத்தின் பக்கம் திரும்பினான். "மரம் வேணும்னா இத இடிச்சு மண்ணெண்ணெய் ஊத்தணும். இது இருக்கணும்னா பீங்கான். ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்காது வே."

"பீங்கானே போடுங்க," என்றாள் இசக்கியம்மாள்.

"ஏட்டி, நீ சும்மா இரி."

"நான் சும்மாதான் இருக்கேன். அதுவும் அது பாட்டுக்குச் சும்மாதான் இருக்கு."

வெள்ளத்துரை துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டான். "புருசனும் பொஞ்சாதியும் பேசி முடிச்சு வையுங்க. நான் அடுத்த சனிக்கிழமை வாரேன். ஞாயித்துக்கிழமை வர மாட்டேன், கோயிலு உண்டு."

புற்று வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சங்கரன்கோவில்காரர்களுக்குப் புற்று என்றால் வேறு விதமான மரியாதை. கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பிள்ளைகளின் சொறி சிரங்குக்குப் பூசாத வீடு கிடையாது. பாம்பு, தேள் உருவம் வாங்கிப் போட்டு வேண்டிக்கொள்ளாத ஆளும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே புற்று வந்தால் எடுக்க மாட்டார்கள். இசக்கியம்மாளும் எடுக்கவில்லை. முதலில் மஞ்சள் வைத்தாள். பிறகு தினமும் பால் வைத்தாள். அடுத்த வீட்டு மகபூப் பீவி, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் கோயில்வரை நடக்க வேண்டாமே என்று ஒரு சிட்டிகை மண் கேட்டு வாங்கிப் போனாள். பத்து நாளில் பிள்ளைக்குச் சிரங்கு காய்ந்துவிட்டது என்று அவள் குழாயடியில் சொன்னது தெரு முழுக்கப் பரவியது.

அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெண்கள் வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கணக்குப்பிள்ளை சம்சாரம் காந்திமதியம்மாளே வந்தாள். அந்த வீட்டுக்கு இசக்கியம்மாள் மிளகாய்க் காம்பு கிள்ளப் போகிறவள். புறவாசலில் நின்று குரல் கொடுப்பாள், அங்கேயே உட்கார்ந்து கிள்ளுவாள், அப்படியே திரும்பி வருவாள். முன்வாசல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் காந்திமதியம்மாள் பட்டுக்கரைச் சேலையோடு இந்த வீட்டு முன்வாசல் வழியாக வந்து, பட்டாலைத் தரையில் உட்கார்ந்து, "இசக்கி, பேத்திக்குத் தலையெல்லாம் புண்ணு. நீயே உன் கையால எடுத்துக் குடு," என்று முந்தானையை ஏந்தினாள். யாரிடமும் இசக்கியம்மாள் ஒரு தம்பிடி வாங்கியதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துத் தெருவில் வரும்போது முகம் நேராக இருக்கும். தங்கப்பழத்துக்கு அதைப் பார்க்கப் பெருமையாகவும் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் கஞ்சி நேரம் கழித்துக் கிடைப்பதில் எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த வாரம் முழுவதும் அவன் மில்லில் வாய் ஓயாமல் மரப்பட்டையைப் பற்றியே பேசினான். கூடச் சிப்பம் தூக்குகிற சண்முகையாவுக்குக் காது புளித்துவிட்டது.

"ஏலே, மரம் வேணுங்குத. புத்தும் இருக்கணுங்குத. பேசாம புத்தத் தூக்கிப் புறவாசல்ல வச்சிரேம்ல. சாமி சாமியாட்டு இருக்கட்டும். நீ உள்ள மரத்த அடிச்சிக்க."

சண்முகையா சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னான். தங்கப்பழம் சிரிக்கவில்லை. இரண்டு ஆள் எடையுள்ள சிப்பத்தைக் கொக்கி போட்டு அசைத்து, முதுகில் ஏற்றி, அலுங்காமல் வண்டியில் இறக்குகிறவன் அவன். இரும்புப் பெட்டி, ஆட்டுரல், கணக்குப்பிள்ளையின் பீரோ, எதைத்தான் தூக்கி வைக்கவில்லை? இடிப்பதுதான் பாவம். இடம் மாற்றி வைத்தால் என்ன பாவம்? அதற்கும் வெயில் கிடைக்கும், காற்று கிடைக்கும். அவளுக்கும் வெள்ளிக்கிழமை இருக்கும். இவ்வளவு சுலபமான வழி எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போனது என்று ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை இசக்கியம்மாள் தங்கச்சி மகள் காதுகுத்துக்குக் கரிவலம்வந்தநல்லூர் பஸ் ஏறினாள். வியாழக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள். "பால மட்டும் மாத்தி வச்சிருங்க, புளிச்சிரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கென்று மில்லில் மெஷின் நின்றுபோய் அரைநாள் லீவு விட்டார்கள். தங்கப்பழம் சண்முகையாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

சண்முகையா புற்றைப் பார்த்ததும் ஒரு கம்பைத் தேடி எடுத்துக்கொண்டான். "உள்ள ஆளு இருந்தா?"

"ஆளும் கிடையாது, பாம்பும் கிடையாது. நாலு வருசமா நான் பாத்ததில்ல. சாக்க நனைச்சுக் குடு."

ஈரச்சாக்கைப் புற்றைச் சுற்றிப் போர்த்தினார்கள். தேங்காய் நார்க்கயிறு கொண்டு மேலே ஒரு கட்டு, நடுவில் ஒரு கட்டு, அடியில் ஒரு கட்டு, அசல் சிப்பக்கட்டு. கடப்பாரையால் அடியைச் சுற்றிலும் பதமாக நெம்பிவிட்டான். தலைத்துண்டை அவிழ்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து கயிற்றில் கையைக் கொடுத்தார்கள்.

"ஏலேசா!"

தூக்கினபோது கனமே இல்லை. அதுதான் தங்கப்பழத்துக்கு முதலில் திக்கென்றது. இத்தனை பெரிய உருப்படி இப்படி இலவம்பஞ்சு மாதிரி வருமா? இரண்டு எட்டு வைப்பதற்குள் சாக்குக்குள்ளே பொதபொதவென்று ஒரு சத்தம். கயிறு தொளதொளத்தது. பட்டாலை நடுவில் இறக்கிச் சாக்கை விரித்தால் மண். வெறும் பொடிமண். நடுவில் தேனடை மாதிரி துவாரம் துவாரமாக நாலைந்து உருண்டை. அதிலிருந்து வெள்ளைப்பூச்சி பரபரவென்று தரையெங்கும் ஓடியது.

சண்முகையா கம்பைக் கீழே போட்டான். "ஏலே, சிப்பத்துக்கு மெஷின்ல அமுக்கி இரும்புப் பட்டை போட்டிருக்கு. இதுக்கு என்னலே போட்டிருக்கு?"

"வாய மூடுல."

"நான் மூடிக்கிடுதேன். நாளைக்கு உன் பொண்டாட்டி வாய யாரு மூடுவா?"

புறவாசலில் முருங்கை மரத்தடியில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்து தங்கப்பழம் திரும்பவும் புற்றுப் பண்ண உட்கார்ந்தான். உள்ளங்கையால் தட்டித் தட்டி மூன்று கொம்பு வைத்தான். ஒரு கொம்பு நின்றால் இன்னொன்று சரிந்தது. கழுதை படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சண்முகையா நழுவினான். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கும்பாவில் புதுப்பால் ஊற்றி வைத்துவிட்டுத் தங்கப்பழம் கையைக் கழுவினான்.

இசக்கியம்மாள் மறுநாள் வந்தாள். காதுகுத்து வீட்டுப் பணியாரத்தைத் தூக்குச் சட்டியோடு அவன் கையில் கொடுத்துவிட்டு நேரே அரங்குவீட்டுக்குப் போனாள். அங்கிருந்து புறவாசலுக்குப் போனாள். அவன் பின்னாலேயே போனான்.

"நீ வருததுக்குள்ள... வெளிய வச்சா வெயில் கிடைக்கும்னு..."

அவள் குனிந்து அந்த மண்ணைப் பார்த்தாள். மேலெல்லாம் ஐந்து ஐந்து விரலாகப் பதிந்திருந்தது.

"இது உங்க கைதான? இந்தக் கை அளவு எனக்குத் தெரியாதாக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், அதோடு தீர்ந்திருக்கும். அவள் சாணி கரைத்து அரங்குவீட்டு மூலையை மெழுகினாள். அவனுக்குச் சோறு வைத்தாள். பணியாரம் இரண்டு வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவன் தார்சாவில் உட்கார்ந்து மில்லுக்குப் போகத் தலைத்துண்டு கட்டிக்கொண்டிருந்தான். மகபூப் பீவி வந்தாள், வடக்குத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு காந்திமதியம்மாள் வந்தாள். உள்ளே போனவர்கள் பேச்சு நின்றுவிட்டது.

"எங்க இசக்கி, புத்த?" காந்திமதியம்மாளின் குரல்.

தங்கப்பழத்தின் கை துண்டோடு அப்படியே நின்றது.

"எடுத்தாச்சு அம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன். கரண்டு வருதுல்லா? மரத்துல வயரு போடணும். புத்து இருந்தா கரையான் அரிச்சிருமாம்."

"வயருக்காகவா எடுக்கச் சொன்ன?"

"ஆமா."

காந்திமதியம்மாள் முதலில் வெளியே வந்தாள். வடக்குத் தெருப் பெண்களில் ஒருத்தி வாசல்படி தாண்டும்போதே, "கரண்டு வீட்டுக்கு வரும் முன்ன தலைக்கு ஏறிட்டு," என்று சொல்லிக்கொண்டே போனாள். தங்கப்பழத்துக்குத் தொண்டைவரை வார்த்தை வந்தது. நான்தான் செய்தேன் என்று இரண்டே வார்த்தை. அது வெளியே வருவதற்குள் அவர்கள் தெரு முக்குத் திரும்பிவிட்டார்கள். அவன் துண்டைக் கட்டி முடித்து மில்லுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் திரும்பி வரும் வழியில் கணக்குப்பிள்ளை வீட்டுப் பக்கமாக வந்தான். இசக்கியம்மாள் அங்கே புறவாசலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அதில் புதுசு ஒன்றுமில்லை, எப்போதும் அங்கேதான் உட்காருவாள். ஆனால் புற்றுமண் வாங்கிய நாளிலிருந்து காந்திமதியம்மாள் புறவாசல் நிலையில் வந்து சாய்ந்து நின்று அவளோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். இசக்கியம்மாளே சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கதவு சாத்தியிருந்தது. அவள் தும்மிக்கொண்டே கிள்ளினாள்.

சனிக்கிழமை வெள்ளத்துரை ஒரு கட்டு மரப்பட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். அளவு பார்த்து அறுத்து, வார்னிஷ்கூட அடித்திருந்தான். வீடு முழுக்க அந்த வாசனை வந்தது. அரங்குவீட்டு மூலையை எட்டிப் பார்த்தான்.

"சபாஷ். மூலை காலியாயிட்டு. ஏணியக் கொண்டாரும் வே."

தங்கப்பழம் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். சாத்திவிட்டு அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"வெள்ளத்துரை, மரம் வேண்டாம். பீங்கான் போடும்."

"என்னவே?"

"பீங்கான்."

"புத்துப் போனபிறகா பீங்கான்? உமக்கு மூளை கீளை கலங்கிட்டா? நாலு நாளா உக்காந்து இழைச்சிருக்கேன் வே! இந்தா, மோந்து பாரும் வார்னிஷை!"

"நல்லாத்தான் இருக்கு."

"பிறகென்ன?"

அடுக்களை நிலையில் இசக்கியம்மாள் வந்து நின்றாள். "அவிய பேச்சக் கேக்காதிய அண்ணாச்சி. புத்துதான் போச்சே. இனி எதுக்குப் பீங்கான்? ஆசப்பட்டத அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

தங்கப்பழம் அவளைப் பார்த்துப் பேசவில்லை. வெள்ளத்துரையைப் பார்த்துத்தான் சொன்னான். "அது போகல, நான்தான் எடுத்தேன். நாளைக்கே திரும்ப வந்தா? வந்த இடத்துல மரத்த அடிச்சு வச்சிட்டு, மறுபடியும் கடப்பாரையத் தூக்கச் சொல்லுதீரா? அது வந்தா இருக்கணும். என் வயரு அதுக்கு இடைஞ்சலா இருக்கப்பிடாது."

"வரலன்னா?"

"வரலன்னா பீங்கான் இருந்துட்டுப் போகுது."

வெள்ளத்துரை அவனையும் பார்த்தான், நிலையில் நின்றவளையும் பார்த்தான். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பவும் காதிலேயே வைத்தான். "சுவருக்குள்ள நான் அடிக்க ஆப்பு மரம்தான் வே. அதைக் கரையான் தின்னா?"

"தின்னா வேற ஆப்பு அடிச்சுக் குடுப்பீரு."

"ஆமா, குடுப்பேன். எனக்கு வேற சோலி என்ன இருக்கு?" என்று மரப்பட்டைக் கட்டைத் திரும்பச் சைக்கிளில் கட்டினான். வேறு வீட்டுக்கு அது ஆகும் என்பதால் அதற்குமேல் சண்டை பிடிக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் வேலை நடந்தது. மில்லுக்கு இரண்டு நாள் சொல்லிவிட்டுத் தங்கப்பழம் ஏணியைப் பிடித்துக்கொண்டான். வெள்ளத்துரை உத்திரம் உத்திரமாகப் பீங்கானை வைத்துத் திருகாணி முடுக்கி, இரண்டு வயரையும் விரல் இடைவெளி விட்டுத் தண்டவாளம் மாதிரி இழுத்தான். நடுவில் எங்கேயும் வயரை வெட்டி முறுக்கவில்லை. பட்டாலை விளக்குக்குப் போய், அதன் தலைமாட்டிலேயே இணைத்து, அங்கிருந்து அரங்குவீடு, அங்கிருந்து அடுக்களை என்று விளக்குக்கு விளக்கு வயரைக் கொண்டுபோனான். "இப்படிப் போட்டா வயரு கூடுதலாச் செலவாகும். ஆனா நாளப்பின்ன எங்கன கோளாறுன்னு சுவரத் தடவிக்கிட்டு அலைய வேண்டாம். விளக்குத் தலையத் தொறந்தாப் போதும்," என்றான். கீழேயிருந்து பார்த்தால் அசல் குடோன்தான். தாடி தொங்கப் பஞ்சுத் தூசிதான் இல்லை.

ஆபீசிலிருந்து வந்தவர் கைப்பிடி வைத்த ஒரு சோதனைப் பெட்டியை வயரில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கார்த்திகைக் கடைசியில் லைன் கொடுத்தார்கள். எந்த வீட்டில் முதல் விளக்கு எரிந்தாலும் தெருவே போய்ப் பார்க்கிற வழக்கம் அந்த வருஷம் தானாக உண்டாகியிருந்தது. அதனால் மனஸ்தாபத்தையும் மீறிப் பெண்கள் அன்றைக்கு அந்தி நேரத்தில் வந்தார்கள். காந்திமதியம்மாளும் வந்தாள், ஆனால் தார்சாவோடு நின்றுகொண்டாள். இசக்கியம்மாள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

தங்கப்பழம் சுவிட்சைத் தட்டினான். பட்டாலை பளீரென்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள். வெளிச்சத்தில் முதலில் தெரிந்ததே அந்த வெள்ளைப் பீங்கான்கள்தான்.

"ஏன் அண்ணாச்சி," என்றாள் மகபூப் பீவி, "காந்திமதியம்மா வீட்டுல மரம். எங்க வீட்டுலயும் மரந்தான் அடிக்கச் சொல்லியிருக்காவ. மரம் அடிக்கணும்னுதான புத்த எடுத்ததா இசக்கி சொன்னா? இது என்ன மில்லு மாதிரி?"

இந்தத் தடவை வார்த்தை தொண்டையில் நிற்கவில்லை.

"இசக்கி எடுக்கச் சொல்லல. அவளுக்குத் தெரியவே தெரியாது. அவ கரிவலத்துக்குப் போயிருந்தா. மரத்துக்கு ஆசப்பட்டது நான். இடிக்க மனசில்லாம சாக்கச் சுத்திக் கயிறு போட்டு, சிப்பம் மாதிரி தூக்கிப் புறவாசல்ல வைக்கப் பாத்தேன். பொடிஞ்சு போச்சு. அவ என்னைக் காட்டிக்குடுக்காம தன்மேல போட்டுக்கிட்டா. நான் அந்தா தார்சாவுல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அது திரும்ப வந்தா இருக்கட்டும்னு பீங்கான் போட்டிருக்கு."

முதலில் மகபூப் பீவிக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் போனது.

"சிப்பமா? கொக்கியும் போட்டியளா அண்ணாச்சி?"

"கொக்கி போடல. கயிறுதான்."

"ஏலேசாவும் சொல்லியிருப்பாவளே!"

வடக்குத் தெருக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சிரிப்பு பட்டாலை முழுக்கப் பரவியது. தங்கப்பழம் தலையைக் குனிந்துகொண்டு நடுவில் நின்றான். காந்திமதியம்மாள் சிரிக்கவில்லை. தார்சாவிலிருந்து உள்ளே வந்து, விளக்குக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"இசக்கி! ஏட்டி, வெளிய வா. விளக்கு ஏத்தின வீட்டுல பொம்பள அடுக்களைக்குள்ள என்ன செய்யுத?"

இசக்கியம்மாள் வந்தாள். கண் சிவந்திருந்தது, மிளகாய்க் கண் என்று சொல்லிக்கொண்டாள். காந்திமதியம்மாள் பக்கத்தில் இடம் காட்ட, அங்கே உட்கார்ந்தாள். எல்லோரையும் வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தாள். பிறகுதான் வெடித்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா ஊருக்கு முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்குதியளோ? உங்கள யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"புத்த எடுக்கவும் என்னைக் கேக்கல, பீங்கான் போடவும் என்னைக் கேக்கல, இதச் சொல்லவும் என்னைக் கேக்கல. எப்பத்தான் கேப்பிய?"

கேட்காமல் செய்தது மூன்று என்பதே அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கு அவள் கத்தினாளே, அதில் அவனுக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

புற்று பிறகு வரவே இல்லை. நாலு மழைக்காலம் பார்த்தான், பத்து மழைக்காலம் பார்த்தான். அரங்குவீட்டு மூலை காலியாகவே கிடந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் மரமோ குழாயோ ஏறிய பிறகும் அந்த வீட்டில் மட்டும் பீங்கான்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டமும் பழைய மாதிரி திரும்பவில்லை. ஆனால் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், மகள் வீட்டுச் சம்பந்தக்காரர்கள் ஆனாலும் சரி, மீட்டர் பார்க்க வருகிறவன் ஆனாலும் சரி, அண்ணாந்து பார்த்து, "இது என்ன, மில்லு மாதிரி?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்டால் போதும். இசக்கியம்மாள் கையில் உள்ள வேலையைக் கீழே வைத்துவிடுவாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, சாக்கு நனைத்தது, கயிறு கட்டியது, கும்பிடு போட்டது, பூச்சி ஓடியது என்று தான் பார்க்காத அத்தனையையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி நடித்துக் காட்டுவாள். சண்முகையா மாதிரியும் பேசுவாள், இவன் மாதிரியும் பேசுவாள். பக்கத்து வீட்டிலிருந்து மகபூப் பீவி, எத்தனையாவது தடவையோ, அதைக் கேட்கவென்றே எழுந்து வருவாள். வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. ஐந்தாறு வருஷம் ஆனபோது அதில் ஒரு நல்லபாம்பும் வந்து சேர்ந்துவிட்டது.

தங்கப்பழத்துக்கு அந்த இடம் மட்டும் பொறுக்காது. விளக்கடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவன், "ஏட்டி, அதுல பாம்பு கிடையாதுட்டி," என்பான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள் அவள், கதையை நிறுத்தாமலே. "நீங்கதான் கண்ண மூடிக்கிட்டு ஏலேசா போட்டுக்கிட்டு இருந்தியளே."